பட்டறைப் பக்கம்: அடுக்கு உலோகத்தில் மர ரேகை – வாசகர் கேள்வி பதில்

செம்பு, வெள்ளி, பித்தளைத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, நடுவில் பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) எதுவும் வைக்காமல் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒரே கட்டியாக்குவார்கள். பிறகு அதைச் செதுக்கித் தட்டினால் மர ரேகை போன்ற கோலம் மேலே வரும். ஜப்பானில் இந்த வேலைக்கு மொகுமே-கானே என்று பெயர். அகிதா பகுதியில் வாழ்ந்த ஷோவாமி தென்பே (1651–1728) வாள் உறுப்புகளுக்காக இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். 1876-இல் அங்கே பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்ததும் வாள் வேலைக்காரர்கள் வேறு கைவினைப் பொருள்களுக்கு மாறினார்கள். இன்று மோதிரத்திலும் கத்திப் பிடியிலும் இந்த வேலைப்பாட்டைப் பார்க்கலாம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வெள்ளி உருகுவது 962 டிகிரியில், செம்பு 1085-இல். நான் 800 டிகிரிதான் வைத்தேன். ஆனாலும் கட்டி ஓரத்தில் வழிந்து, உள்ளே அடுக்கே இல்லாமல் போய்விட்டது. ஏன்?
– நகைத் தொழிலாளி, வில்லியனூர்

நீங்கள் பார்த்த இரண்டு எண்களும் சரியானவை. ஆனால் அவை தனித்தனி உலோகத்துக்கான எண்கள். வெள்ளியும் செம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சூடேறும்போது, தொடும் இடத்தில் அணுக்கள் கலந்து ஒரு புதுக் கலவை உண்டாகிறது. 72 பங்கு வெள்ளி, 28 பங்கு செம்பு என்ற அளவில் கலந்தால் அந்தக் கலவை 779 டிகிரியிலேயே தண்ணீராகிவிடும். ஒருமுறை திரவம் உண்டாகிவிட்டால் அது பக்கத்துத் தகடுகளைத் தின்றுகொண்டே போகும். 800-இல் சில நிமிடங்கள் இருந்தாலே போதும், அடுக்கு கரைந்து வழிந்துவிடும்.

ஆகவே வெள்ளி–செம்புக் கட்டிக்கு 779-ஐ உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்ய வேண்டிய சூடு 740. மின் உலையின் கன்ட்ரோலர் குறித்த அளவைத் தாண்டி 15, 20 டிகிரி ஓடிவிட்டுத் திரும்புவது வழக்கம். அதனால் முதலில் 700-இல் அரை மணி நிறுத்தி, பிறகு மெதுவாக 740-க்கு ஏற்றுங்கள். தெர்மோகப்பிளின் (சூடு அளக்கும் கம்பியின்) நுனி உலைச் சுவரருகே தொங்கக் கூடாது; கட்டியை இறுக்கியிருக்கும் இரும்புத் தட்டைத் தொட்டபடி இருக்க வேண்டும். சுவரருகே காட்டும் எண்ணும் கட்டியின் உண்மைச் சூடும் ஒன்றாக இருக்காது. 40 மில்லிமீட்டர் சதுரக் கட்டிக்கு 740-இல் 6 முதல் 8 மணி நேரம் தேவை. இங்கே எதுவும் உருகுவதில்லை. அணுக்கள் எல்லை தாண்டிப் போய் இரண்டு தகடுகளையும் பிணைக்கின்றன. அதனால்தான் இவ்வளவு நேரம் பிடிக்கிறது. சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கலாம் என்ற எண்ணம்தான் உங்கள் கட்டியை வழிய வைத்தது.

கரி உலையில் செய்த பழைய கைவினைஞர்கள் வேறு வழியில் போனார்கள். கட்டியின் ஓரத்தில் வியர்வை போல மினுமினுப்பு தெரிந்த அதே நொடியில் வெளியே எடுத்து இறுக்கிவிடுவார்கள். தொட்ட இடம் மட்டும் மெல்லிசாக உருகி ஒட்டும். கண் பழகியவர்களுக்கு அது அருமையான முறைதான். ஆனால் கட்டி வீணானால் போகும் வெள்ளியின் விலையைப் பார்க்கும்போது, புதிதாகத் தொடங்குபவருக்கு மின் உலையைத்தான் சொல்வோம்.

வெள்ளி 999 ஆக, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு சுத்தமாக இருக்கட்டும். 925-இல் கலந்திருக்கும் செம்பு, காற்றுப் பட்டால் உள்ளுக்குள்ளேயே கறுத்துக் கறை விடும். 0.8 மில்லிமீட்டரில் 5 வெள்ளித் தகடு, 1 மில்லிமீட்டரில் 6 செம்புத் தகடு, எல்லாம் 40-க்கு 40 என்றால் சுமார் 67 கிராம் வெள்ளியும் 86 கிராம் செம்பும் ஆகும். அடுக்கின் உயரம் 10 மில்லிமீட்டர்.

கேள்வி: கத்திக்கு போல்ஸ்டர் (அலகும் பிடியும் சேரும் இடத்தில் வைக்கும் உலோகத் துண்டு) செய்யச் செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) மூன்றையும் சேர்த்து அடுக்க ஆசை. முதலிலிருந்து முறையைச் சொல்ல முடியுமா?
– கத்தி செய்பவர், நெல்லிக்குப்பம்

மூன்றையும் ஒரே கட்டியில் சேர்ப்பதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செம்பும் ஜெர்மன் சில்வரும் நன்றாகப் பிடிக்க 900 டிகிரியைத் தாண்ட வேண்டியிருக்கும். பித்தளை அந்த இடத்திலேயே இளகத் தொடங்கிவிடும். முதலில் செம்பு–பித்தளையில் கை பழகட்டும்.

பித்தளை எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். உருட்டிய தகடாக, 70 செம்பு 30 துத்தநாகம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். உடைந்த குத்துவிளக்கு, பழைய குழாய், கடைசல் போட்ட பாகம் எதுவும் வேண்டாம். கடைசலுக்காகவும் வார்ப்புக்காகவும் அவற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும். சூட்டில் அந்த ஈயம் திரவமாகித் துகள்களுக்கு நடுவே நிற்கும். முதல் அடியிலேயே கட்டி பிளக்கும்.

அளவு: 50-க்கு 50 மில்லிமீட்டரில், 1.2 மில்லிமீட்டர் தடிமனில் செம்பு 7, பித்தளை 6. மேலும் கீழும் செம்பு வர வேண்டும். மொத்த உயரம் 15.6 மில்லிமீட்டர். எடை சுமார் 340 கிராம். இது கடைசியில் 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்போது, ஓரம் வெட்டியது போக 35-க்கு 20 அளவில் மூன்று ஜோடி போல்ஸ்டர் எடுக்கலாம்.

தகடு வெட்டியதும் விளிம்பு சற்று மடங்கியிருக்கும். அந்தப் பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு, தகடு ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பலகைமேல் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை ஆடினால்கூடப் போதாது. மரச்சுத்தியால் தட்டிச் சமமாக்குங்கள். பிறகு கண்ணாடிமேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டு இரு பக்கமும் தேய்க்க வேண்டும். பளபளப்பு தேவையில்லை, ஒரே சீரான கீறல் போதும். தேய்த்த தகட்டின்மேல் தண்ணீர் விட்டால் உடையாமல் ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி தேயுங்கள். அதற்கப்புறம் விரல் படக் கூடாது, ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கடலோரத்தில் பல இடங்களில் கிணற்று நீரும் போர் நீரும் உப்பு. கடைசிக் கழுவலுக்குப் பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரையே பயன்படுத்துங்கள். கழுவி, அசிட்டோனில் துடைத்து, அரை மணிக்குள் அடுக்கி இறுக்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் செம்பு கண் முன்னாலேயே மங்கும். அந்த மாதங்களில் தகடு தேய்க்கும்போதே இறுக்கும் தட்டுகளைத் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுக்குவதற்கு 12 மில்லிமீட்டர் தடிமனில் 90-க்கு 90 இரும்புத் தட்டு இரண்டு, நான்கு மூலையிலும் 12 மில்லிமீட்டர் போல்ட். புதுச்சேரியில் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள லேத் பட்டறைகளில் துளை போட்டுத் தருவார்கள். இதில் எவர்சில்வர் தட்டும் போல்ட்டும் வேண்டாம், சாதா இரும்பே சிறந்தது. சூட்டில் செம்பும் பித்தளையும் இரும்பைவிட அதிகம் விரியும். போல்ட் அந்த அளவு நீளாது. அதனால் சூடேற ஏற அழுத்தம் தானாகக் கூடும். எவர்சில்வர் செம்பளவுக்கே விரிவதால் அந்த லாபம் கிடைக்காது. போல்ட்டில் துத்தநாகப் பூச்சு இருக்கக் கூடாது, கறுப்பு போல்ட்டாக வாங்குங்கள். ஒருமுறை உலைக்குப் போன போல்ட் இழுபட்டிருக்கும். அடுத்த கட்டிக்குப் புது போல்ட் போடுங்கள்.

கட்டி தட்டோடு ஒட்டாமலிருக்க, காவியைத் தண்ணீரில் குழைத்துத் தட்டின் உள்பக்கம் பூசி நன்றாகக் காயவிடுங்கள். காவித்தூள் தகடுகளுக்கு நடுவே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கிய கட்டியை மூடியுள்ள இரும்புப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் கொட்டைப்பாக்கு அளவு அடுப்புக்கரியை நிரப்பி மூடிவிட்டால், உள்ளே வரும் பிராணவாயுவைக் கரி எடுத்துக்கொள்ளும். சூடு 820 முதல் 840, நேரம் 4 முதல் 6 மணி. துத்தநாகப் புகை காய்ச்சல் கொண்டுவரும். உலையை மூடிய அறையில் வைக்காதீர்கள், கரி வாயுவுக்கும் அதே எச்சரிக்கைதான். சொந்த உலை இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. புதுச்சேரி, ஆரோவில் பக்கம் பீங்கான் வேலை செய்பவர்கள் நிறையப் பேர். கன்ட்ரோலர் உள்ள மின் உலை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் விட்டு, வந்ததும் சூட்டை மறுபடி ஏற்றி மீதி நேரத்தை ஓட்டலாம். அதுவரை பிணைந்தது பிணைந்ததுதான்.

கட்டி உலைக்குள்ளேயே ஆறட்டும். வெளியே எடுத்ததும் நான்கு பக்கமும் 2 மில்லிமீட்டர் அறுத்துத் தள்ளுங்கள். அறுத்த முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். இரு நிறத்துக்கும் நடுவே கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே பிடிக்கவில்லை. தொங்கவிட்டுத் தட்டினால் நல்ல கட்டி கணீரென்று ஒலிக்கும். பிடிக்காத கட்டி மொத்தையாக ஒலிக்கும். அதை அடித்துச் சரிசெய்ய முடியாது.

முதல் இறுக்கத்தைச் செந்தணல் நிறத்தில், சுமார் 700 டிகிரியில், ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கொடுப்பது நல்லது. பிரஸ் இல்லாவிட்டால் அகலமுகச் சுத்தியல், நடுவிலிருந்து ஓரத்துக்கு. நிறம் மங்கியதும் நிறுத்திவிடுங்கள். 300 முதல் 600 டிகிரி வரை உள்ள இடைச்சூட்டில் பித்தளை நொறுங்கும் குணம் கொண்டது. ஒன்று சிவப்பில் அடியுங்கள், இல்லையேல் முழுக்க ஆறவிட்டு அடியுங்கள். 15.6-லிருந்து 8 மில்லிமீட்டர் வந்ததும் கோலம் போடத் தயார்.

கேள்வி: கட்டி நன்றாகப் பிடித்திருந்தது. ரோலிங் மிஷினில் மூன்றாம் முறை விட்டபோது ஓரம் வாய் பிளந்தது. இன்னொன்றில் நடுவே கொப்புளம். என்ன தவறு?
– நகைப் பட்டறை, கடலூர் முதுநகர்

இரண்டும் வெவ்வேறு நோய். ஓரப் பிளவு உருட்டும்போது வருவது. ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு அளவில் நீளுகிறது. அந்த இழுபறி ஓரத்தில்தான் தெரியும். முடி அளவு விரிசல் தெரிந்ததுமே நிறுத்தி, அது மறையும்வரை அரத்தால் ராவுங்கள். ராவாமல் இன்னொரு முறை விட்டால் உள்ளே ஓடும். தடிமனில் 30 சதவீதம் குறைந்ததும் மறுபடி காய்ச்சி மென்மையாக்க வேண்டும். அறை இருட்டில் மங்கலாகச் சிவப்பு தெரியும் 600–650 டிகிரி போதும். காய்ச்சிய சூட்டோடு தண்ணீரில் போடும் பழக்கம் நகை வேலையில் கைவந்துவிட்டது. இங்கே அதை விடுங்கள். இரு உலோகமும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி, பிடிப்பை வெட்டும். சிவப்பு முழுக்கப் போய் ஆறிய பிறகே தண்ணீர்.

கொப்புளம் அடுக்கும்போதே வந்தது. நடுவில் எண்ணெய், தூசி, விரல் ரேகை அல்லது வளைந்த தகட்டினால் மாட்டிய காற்று. மெல்லிய ஊசித் துளை போட்டு, சூடாக்கி அழுத்திப் பார்க்கலாம், பெரும்பாலும் பிடிக்காது. அந்த இடத்தை அறுத்து ஒதுக்கிவிட்டு மீதியைக் கம்மலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மர ரேகை எப்படி வருகிறது? வரைந்து செதுக்குவதா?
– கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம்

வரைவதில்லை, மலைச்சரிவைக் குறுக்கே வெட்டினால் மண் அடுக்குகள் வளையமாகத் தெரிவது போல, சாய்வாக வெட்டப்பட்ட அடுக்கின் விளிம்புதான் ரேகை. இரண்டு வழி உண்டு.

ஒன்று, மேலிருந்து பர் (சுழலும் சிறு வெட்டுமுனை) அல்லது உளியால் குழி போட்டு, பிறகு குழியின் அடிமட்டம் வரை முழுத் தகட்டையும் அடித்துச் சமமாக்குவது. குழி ஆழம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம்; பாதியைத் தாண்டக் கூடாது. குழியின் சுவர் சரிவாக இருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி அடையாளமே தெரியாது. அடிக்கும்போது சுவர் மடிந்து உள்ளே மூடிக்கொள்ளும். ட்ரில் பிட்டால் நேராகத் துளைத்துவிட்டு வளையம் வரவில்லை என்று எழுதும் வாசகர்களுக்கும் இதுவே பதில். முனை அகலமான, சாய்ந்த பிட் எடுங்கள்.

மற்றது, 1.5 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்த தகட்டை அரக்கில் பதித்து, பின்பக்கமிருந்து சிற்றுளியால் புடைக்கச் செய்து, முன்பக்கம் எழும்பிய மேடுகளை அரத்தால் ராவுவது. மேட்டின் உச்சியில் உள் அடுக்கு வெளிப்படும். புடைப்பு வேலை தெரிந்த நகைக்காரருக்கு இது மிக இயல்பாக வரும். நம்மூர் கைக்கு இதையே முதலில் சொல்வோம். ஒரே ஒரு கவனம்: மேட்டை ராவிய இடத்தில் தகடு மெலிந்திருக்கும். அதனால் முடிவில் வேண்டிய தடிமனைவிட 0.5 மில்லிமீட்டர் கூட வைத்துத் தொடங்குங்கள்.

சதுரக் கம்பியாக்கி முறுக்கி, பிறகு நீளவாக்கில் பிளந்து விரித்தால் நட்சத்திரக் கோலம் வரும். முறுக்கு வேலை பிடிப்பைச் சோதித்துவிடும்; இரண்டு மூன்று கட்டி தேறிய பிறகு எடுங்கள்.

கேள்வி: ரோலிங் முடிந்து பாலிஷ் போட்டால் கோலம் மங்கலாகவே இருக்கிறது. நிறம் எடுக்க என்ன வழி?
– வாசகர், லாஸ்பேட்டை

பாலிஷ் இரண்டு உலோகத்தையும் ஒரே மாதிரி மினுங்க வைக்கும், அதனால்தான். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் போடுங்கள். செம்பை அது அரித்துப் பள்ளமாக்கும். வெள்ளிமேல் மெல்லிய மங்கல் படலம் உண்டாகி அரிப்பு நின்றுவிடுவதால் வெள்ளி மேடாக நிற்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவு ஆழம் போதும். பிறகு ஆப்ப சோடா கரைத்த நீரில் முக்கி எடுத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் மங்கல் போய்விடும். தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அதில் செம்பு கரைந்திருக்கிறது. எவர்சில்வர் தொட்டியிலும் ஊற்றாதீர்கள், அரித்துவிடும்.

ஜப்பானிய முறையில் நிறம் வேண்டுமானால் ரொகுஷோ என்ற கரைசல். 6 கிராம் காப்பர் அசிடேட், 2 கிராம் கால்சியம் கார்பனேட், 2 கிராம் காஸ்டிக் சோடாவை 150 மில்லி நீரில் கலந்து ஒரு வாரம் மூடி வையுங்கள். தெளிந்ததை வடித்து, 2 கிராம் மயில்துத்தம் சேர்த்து ஒரு லிட்டராக்கிச் செம்புப் பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். பொருளைத் துருவிய வெள்ளை முள்ளங்கிச் சாற்றில் பூசி எடுத்து, காயவிடாமல் அப்படியே கரைசலில் இறக்கி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முள்ளங்கிச் சாறு நிறத்தைத் திட்டுத் திட்டாக்காமல் சீராக ஏற்ற உதவும். செம்பு ஆரஞ்சும் காவியுமான நிறத்துக்குப் போகும், வெள்ளி வெள்ளையாகவே நிற்கும். காஸ்டிக் சோடாவுக்குக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கேள்வி: வெள்ளி–செம்பு மோதிரம் போட்ட வாடிக்கையாளர் விரல் பச்சையாகிறது என்கிறார். செம்புக் கோடுகள் பள்ளமாகிவிட்டன என்றும் சொல்கிறார்.
– நகைக்கடை, புதுச்சேரி

வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் வெள்ளியும் செம்பும் ஒரு சின்ன மின்கலம். அதில் கரைவது செம்பு. கடலோரத்தில் வேகம் இன்னும் கூடும். மோதிரத்தின் உள்பக்கம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையாத 925 வெள்ளி அல்லது தங்க வளையம் போட்டுவிடுங்கள். தோலோடு செம்பு உரசாமல் இருந்தால் பச்சை பெரும்பாலும் நின்றுவிடும். வளையம் பொருத்தும்போது 720 டிகிரிக்குள் ஓடும் பொடியே வைக்க வேண்டும். கெட்டிப் பொடி 779-ஐத் தொட்டுவிடும். காட்மியம் கலந்த பொடி வேண்டவே வேண்டாம், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும். வெளிப்பக்கம் பள்ளமாவதை முழுதாகத் தடுக்க முடியாது. குளிக்கும்போதும் கடலில் இறங்கும்போதும் கழற்றச் சொல்லுங்கள்.

ஜெர்மன் சில்வர் கலந்த கட்டியை மோதிரத்துக்கும் கம்மலுக்கும் எடுக்காதீர்கள். அதில் நிக்கல் இருக்கிறது. பலருக்குத் தோல் அரிக்கும். கத்திக்கு அது பொருத்தமான உலோகம்.

கேள்வி: இதை 925 வெள்ளி என்று விற்கலாமா? அரம் போட்ட தூளை வெள்ளித் தூளோடு சேர்க்கலாமா?
– வாசகர், பண்ருட்டி

இரண்டுக்கும் பதில் வேண்டாம் என்பதே. பில்லில் கலப்பு உலோகம், இத்தனை கிராம் வெள்ளி, இத்தனை கிராம் செம்பு என்று எழுதி, கூலியைத் தனியாகக் காட்டுங்கள். வேலைக்குத்தான் மதிப்பு, எடைக்கு அல்ல என்பதை வாங்குபவருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. தூளைத் தனி டப்பாவில் சேர்த்துச் சுத்திகரிப்புக்குக் கொடுங்கள். நல்ல வெள்ளியில் கலந்தால் அதன் தரம் இறங்கும்.

கேள்வி: டமாஸ்கஸ் கத்தி அலகும் இதுவும் ஒன்றா?
– வாசகர், சிதம்பரம்

இன்று அந்தப் பெயரில் கிடைக்கும் பெரும்பாலான அலகுகள் இரண்டு வகை எஃகை அடுக்கிச் சிவக்கக் காய்ச்சி அடித்துப் பிணைத்தவை. எண்ணம் ஒன்றுதான், உலோகம் வேறு. அலகு பிறகு பதமேற்றப்பட்டு, அதாவது சூட்டால் கெட்டியாக்கப்பட்டுக் கூராகும், செம்பும் வெள்ளியும் அப்படிப் பதமேறா. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய பழைய எஃகின் கோலம் இன்னொரு வகை. அதில் அடுக்கே கிடையாது. உறையும்போதும் அடிக்கும்போதும் எஃகுக்குள் வரிசை கட்டும் கார்பைடு (கரி சேர்ந்த கெட்டியான) துகள்கள்தான் அந்த அலை.

கேள்வி: செம்பு–பித்தளை போல்ஸ்டர் பொருத்திய கார்பன் எஃகுக் கத்தியில், போல்ஸ்டருக்கு அடியில் துரு வருகிறது. பற்றவைத்துவிடலாமா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

பற்றவைக்கக் கூடாது. அந்தச் சூடு அலகின் பதத்தை இறக்கிவிடும். துருவுக்குக் காரணம் மறுபடியும் அந்த மின்கலம்தான். செம்புக்கும் எஃகுக்கும் நடுவே உப்பு ஈரம் நின்றால் எஃகு கரையும். ஈரம் நுழைய இடைவெளி இல்லாமல் செய்வதுதான் மருந்து. இரு முகங்களையும் கண்ணாடிமேல் தேய்த்துச் சமமாக்கி, 120 நம்பர் கீறல் விட்டு, அசிட்டோனால் துடைத்து, 24 மணி நேரத்தில் இறுகும் எபாக்சி பசையைப் பூசுங்கள். ஐந்து நிமிட எபாக்சி ஈரத்தில் விட்டுப்போகும். அதோடு 3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியில் இரண்டு ஆணி. துளையின் வாயை லேசாகச் சாய்த்துவிட்டு ஆணித் தலையைச் சின்னச் சின்ன அடியாகப் பரப்புங்கள். ஓங்கி அடித்தால் போல்ஸ்டரின் அடுக்கு வாய் திறக்கும். எபாக்சி இறுகிய பிறகு பெல்ட்டில் தேய்க்கும்போது கட்டி கை பொறுக்காத சூட்டுக்குப் போகாமல், அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஃபெரிக் குளோரைடில் நிறம் எடுக்கும் வேலையை அலகில் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். எஃகில் பட்டால் அதையும் அரிக்கும். பொருத்தியபின் கோலத்தின்மேல் தேன்மெழுகைச் சூடாகத் தேய்த்துத் துணியால் துடைத்துவிடுங்கள். மீன் வெட்டும் கத்தி என்றால் மாதம் ஒருமுறை மெழுகு போடச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள்.